வீட்டுத் தோட்டத்தில் தரமான ஹாப்ஸ்: வேர் நடுவதிலிருந்து உலர்த்திப் பதப்படுத்துவது வரை

பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கும் ஹாப்ஸ் கொடியை வளர்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இங்கிலாந்தின் தென்கிழக்குப் பக்கம் வேலியோரங்களில் யாரும் தண்ணீர்கூட ஊற்றாமல் காடாக ஏறிக் கிடக்கும் செடி அது. ஆனால் வீட்டில் வளர்த்த பலரிடம், காய்ந்த பிறகு வாசனை எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ‘வைக்கோல் மாதிரி’ என்பார்கள், அல்லது ‘ஏதோ பழைய பாலாடைக்கட்டி வாடை’ என்பார்கள். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை அந்தச் செடி தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். ஆகஸ்ட் கடைசிக்கும் செப்டம்பர் நடுவுக்கும் இடையில் நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் சரக்கின் தரம் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் நடவைப் பற்றிக் கொஞ்சமும், பறிப்பதையும் உலர்த்துவதையும் பற்றி நிறையவும் எழுதியிருக்கிறேன்.

இது பிரிட்டனில், குறிப்பாக கென்ட், லண்டன் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. டொராண்டோ பக்கம் இருப்பவர்கள் நடவை மட்டும் சில வாரங்கள் தள்ளிப்போட்டால் போதும், மற்றதெல்லாம் ஒன்றுதான்.

முதலில் செடியைப் புரிந்துகொள்ளுங்கள்

ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம். இலையின் விளிம்பிலும், பெண் பூவில் பிசின் ஊறும் விதத்திலும், அந்தப் பிசினின் வாசனையிலும் உறவு தெரியும். போதை தரும் பொருள் மட்டும் ஹாப்ஸில் கிடையாது. கஞ்சா ஒரு வருடத்தில் முடிந்துவிடும் செடி. ஹாப்ஸ் அப்படியல்ல. மேலே உள்ள கொடி ஒவ்வொரு குளிர்காலத்திலும் செத்துவிடும், வேர் மட்டும் இருபது வருடம்கூட மண்ணுக்குள் உயிரோடு கிடந்து, வசந்தத்தில் மறுபடி தளிர்விடும்.

ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. நமக்குத் தேவை பெண் செடி மட்டும். அதன் பூங்கொத்து முதிர்ந்து, மெல்லிய செதில்கள் அடுக்கிய சிறு கூம்பாகிறது. ஒரு கூம்பைப் பறித்து நீளவாக்கில் பிளந்தால் செதில்களின் அடியில் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கும். அதன் பெயர் லூபுலின். பீருக்குக் கசப்பைக் கொடுக்கும் ஆல்ஃபா அமிலங்களும், வாசனையைக் கொடுக்கும் மிர்சீன், ஹியூமுலீன் போன்ற எண்ணெய்களும் இருப்பது அந்தத் தூளில்தான். நீங்கள் ஆறு மாதம் படும் பாடெல்லாம் அந்தத் தூளுக்காகத்தான். செதில் வெறும் உறை.

அக்கம்பக்கத்தில் ஆண் செடி இருந்தால் கூம்புக்குள் விதை பிடிக்கும். பழைய கென்ட் தோட்டங்களில் ஆண் செடிகளை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள், ஆகவே விதை இருப்பதாலேயே சரக்கு வீண் என்று நினைக்க வேண்டாம். எடை கூடும், தூளின் பங்கு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

எங்கே வளரும், எங்கே வளராது

கோடையில் நீண்ட பகலும் குளிர்காலத்தில் நல்ல உறைபனியும் வேண்டும். பகல் நீளமாக இருக்கும்வரை கொடி உயரம் மட்டும் போகும். ஜூன் 21 தாண்டிப் பகல் சுருங்கத் தொடங்கியதும் பூக்கும். கென்ட், ஜெர்மனியின் ஹாலர்டாவ், செக் நாட்டின் ஜாட்டெட்ஸ், அமெரிக்காவின் யாக்கிமா பள்ளத்தாக்கு என்று பெயர்பெற்ற ஹாப்ஸ் ஊர்களைப் பார்த்தால் எல்லாமே வடக்கே, பகல் நீளும் இடங்கள். இந்தியாவில் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் விளைகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கோடையிலேயே பகல் பதிமூன்று மணி நேரத்தைத் தாண்டாது, வேர் உறங்குகிற குளிரும் கிடையாது. கொடி சரியாக ஏறும் முன்பே பூத்து நின்றுவிடும். ஊட்டியில் சரிவருமா என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுதான்: குளிரைப் பற்றி வாதாடலாம், பகல் நீளத்தை நீட்ட முடியாது.

ரகம்

நர்சரியில் பெயர் எழுதிய பெண் செடியை வாங்குங்கள். விதையிலிருந்து வளர்ப்பது வீண் வேலை. பாதி ஆணாக வரும், மீதியும் எந்தக் குணத்தோடு வரும் என்று சொல்ல முடியாது. மஞ்சள் இலையோடு அழகுக்காக விற்கும் ‘ஆரியஸ்’ ரகத்தையும் தவிருங்கள். பந்தலில் பார்க்க அழகாக இருக்கும், வாசனைக்காக வளர்ப்பவருக்கு அது உதவாது.

சின்னத் தோட்டத்துக்கு நான் சொல்வது ஃபர்ஸ்ட் கோல்ட். இது கென்ட்டில் இருந்த வை கல்லூரியில் உருவாக்கிய குட்டை ரகம். இரண்டரை, மூன்று மீட்டரோடு நின்றுவிடும், ஏணி இல்லாமலே பறிக்கலாம், கசப்பும் வாசனையும் இரண்டுமே உண்டு. வேர் வழியாக வரும் வெர்ட்டிசிலியம் வாடல் நோயையும் ஓரளவு தாங்கும்.

உயரத்துக்கு இடம் இருந்தால் கேஸ்கேட். ஆரிகனில் உருவாகி 1972-ல் வெளிவந்த ரகம், பம்பளிமாஸ் போன்ற கிரேப்ஃப்ரூட் பழத்தின் வாசனைக்குப் பெயர்போனது, புதிதாகத் தொடங்குபவரையும் அவ்வளவாகக் கைவிடாது. ஈஸ்ட் கென்ட் கோல்டிங் வாசனையில் ராணிதான், ஆனால் சாம்பல் நோய்க்கும் அடிச்சாம்பல் நோய்க்கும் சீக்கிரம் இடம் கொடுக்கும். ஃபகில் ரகத்தை வாடல் நோய் ஒருமுறை பிடித்தால் அந்த மண்ணில் மறுபடி அதை வைக்க முடியாது. முதல் செடியாக இவை இரண்டும் வேண்டாம்.

நடவு

மார்ச், ஏப்ரல் மாதங்களில் வேர்த்தண்டாகவோ தொட்டிச் செடியாகவோ கிடைக்கும். வேர்த்தண்டு என்பது மொட்டுகளோடு விரல் தடிமனில் ஒரு துண்டு. அதைப் படுக்கைவாட்டில், மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி, ஐந்து செ.மீ. ஆழத்தில் வையுங்கள். மொட்டு எது, வேர் எது என்று தெரியாவிட்டாலும் படுக்க வைத்தால் போதும், அது வழி கண்டுபிடித்துக்கொள்ளும்.

இடம்: நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேர வெயில், காற்றோட்டம், தண்ணீர் தேங்காத மண். மண்ணின் அமிலத்தன்மை அளவு (pH) ஆறிலிருந்து ஏழுக்குள் இருந்தால் நல்லது. குழியில் ஒரு வாளி மட்கு உரம் கலந்துவிடுங்கள். ஒரே ரகம் என்றால் ஒரு மீட்டர் இடைவெளி. வெவ்வேறு ரகம் என்றால் இரண்டு மீட்டராவது விடுங்கள், இல்லாவிட்டால் மண்ணுக்கடியில் வேர்கள் கலந்து மூன்றாம் வருடம் எது எந்தக் கொடி என்று தெரியாமல் போய்விடும்.

தொட்டியில் வளர்க்கலாமா? வளர்க்கலாம், ஐம்பது லிட்டருக்குக் குறையாத தொட்டியாக இருந்தால், குட்டை ரகமாகவும் இருந்தால். ஜூலையில் தினமும் தண்ணீர் கேட்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற குடும்பம் என்றால் தரையில் நடுவதே நல்லது.

முதல் வருடத்தில் ஒன்றும் எதிர்பார்க்காதீர்கள். செடி அந்த வருடம் வேரைத்தான் வளர்க்கும். இரண்டாம் வருடம் ஏதோ கிடைக்கும், மூன்றாம் வருடம்தான் முழு விளைச்சல்.

கயிறும் கொடியேற்றமும்

உயர ரகங்களுக்கு ஐந்து மீட்டர் வரை ஏற இடம் வேண்டும். வீட்டுச் சுவரின் உச்சியில் ஒரு கொக்கி, அல்லது தோட்டத்தில் ஒரு கம்பம், அதிலிருந்து தரைக்கு ஒரு கயிறு. கப்பி வைத்துக் கட்டினால் பறிக்கும் நாளில் கயிறோடு கொடியைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். ஏணியில் நின்று ஒவ்வொன்றாகப் பறிப்பதைப்போல அலுப்பு வேறில்லை.

நைலான் கயிறு வேண்டாம், வழுக்கும். ஹாப்ஸ் கொடிக்குப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டில் இருக்கும் கொக்கி போன்ற முடிகளால்தான் பிடித்து ஏறும், அதற்குச் சொரசொரப்பு வேண்டும். தேங்காய் நார்க் கயிறுதான் சரியான கயிறு. இது நம் பாசத்தில் சொல்வதல்ல. கென்ட்டின் ஹாப்ஸ் தோட்டங்களிலும் யாக்கிமாவின் பெரும் பண்ணைகளிலும் கட்டுவது இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகிற அதே நார்க் கயிறுதான். பருவம் முடிந்ததும் கொடியோடு சேர்த்து வெட்டி மட்கு குழியில் போட்டுவிடலாம்.

ஏப்ரலில் தளிர்கள் கும்பலாகக் கிளம்பும். முதலில் வருகிறவை தடிமனாக, உள்ளே கூடாக இருக்கும். அவற்றை இரக்கமில்லாமல் வெட்டிவிடுங்கள். விரல் நீளத் தளிர்களை வெண்ணெயில் வதக்கிச் சாப்பிடலாம், பெல்ஜியத்தில் அதற்குத் தனி மவுசு உண்டு. பூண்டும் மிளகும் போட்டுப் பொரியல் செய்தாலும் மோசமில்லை. அடுத்து வருகிற தளிர்கள் முழங்கால் உயரம் வந்ததும், ஒரு கயிறுக்கு மூன்று என்று ஒரே அளவானவற்றைத் தேர்ந்து சுற்றிவிடுங்கள். மற்றதை எல்லாம் தரையோடு வெட்டுங்கள். இருபது தளிரையும் ஏறவிட்டால் புதர்தான் கிடைக்கும், காற்று புகாமல் நோய் வரும், கூம்பு சிறுக்கும்.

சுற்றும் திசை முக்கியம். மேலிருந்து பார்த்தால் கடிகார முள் போகும் திசை. எதிர்த்திசையில் சுற்றிவிட்டால் மறுநாள் காலை அவிழ்ந்து தரையில் கிடக்கும். மதியத்துக்கு மேல் சுற்றுங்கள், காலையில் தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும்போது நுனி ஒடிந்துவிடும். மே கடைசியிலும் ஜூனிலும் சில நாட்களில் கொடி ஒரு சாணுக்கு மேல் வளர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

கோடைகாலப் பராமரிப்பு

தழைச்சத்து ஜூன் கடைசியோடு நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு கொடுத்தால் இலை செழிக்கும், அசுவினி கூடும், பூ தாமதிக்கும். தண்ணீரை அடியில் ஊற்றுங்கள், இலையில் தெளிக்காதீர்கள். ஜூனில் கொடி தலைக்கு மேலே போனதும், தரையிலிருந்து முக்கால் மீட்டர் வரை உள்ள இலைகளையும் பக்கத் தளிர்களையும் கழித்துவிடுங்கள். நோய் பெரும்பாலும் அங்கிருந்துதான் மேலே ஏறுகிறது.

கவனிக்க வேண்டியவை நான்கு. அடிச்சாம்பல் நோய் வந்தால் வசந்தத்தில் சில தளிர்கள் குட்டையாக, வெளுத்து, இலை சுருண்டு நிற்கும். அவற்றைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், மட்கு குழியில் வேண்டாம். சாம்பல் நோய் இலைமேல் மாவு தூவியதுபோல வரும்; கூம்புக்கு ஏறிவிட்டால் அந்த வருடச் சரக்கு போனதுதான். அசுவினி மே கடைசியில் பிளம், ஸ்லோ போன்ற மரங்களிலிருந்து பறந்துவரும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சோப்புக் கரைசலால் கட்டுப்படுத்தலாம், பொறிவண்டுகள் இருந்தால் அவை பார்த்துக்கொள்ளும். ஆனால் ஜூலையில் பூ வந்த பிறகு கூம்பின்மேல் எதையும் தெளிக்காதீர்கள், அதைத்தான் நீங்கள் குடிக்கப்போகிறீர்கள். நான்காவது செஞ்சிலந்தி, வறண்ட வெக்கையில் வரும். இலை வெண்கலநிறமானால் அதுதான். அடியில் மண் காயாமல் மூடாக்குப் போடுவது பாதி வைத்தியம்.

இலையைத் தின்னும் முள்ளுமுள்ளான ஒரு புழுவையும் பார்ப்பீர்கள், முதுகில் வெள்ளைத் திட்டு இருக்கும். ‘கமா’ வண்ணத்துப்பூச்சியின் புழு அது. விட்டுவிடுங்கள். அது தின்னும் இலையால் விளைச்சல் குறையாது.

எப்போது பறிப்பது

இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஆகஸ்ட் நடுவில் கூம்புகள் முழு அளவுக்கு வந்துவிடும், பார்க்கவும் பசேலென்று அழகாக இருக்கும். அந்த நேரத்தில் பறித்தால் கிடைப்பது வெட்டிய புல்லின் வாசனைதான். கூம்பு முழு அளவுக்கு வந்த பிறகும் லூபுலின் ஊறிக்கொண்டே இருக்கும். வாசனை எண்ணெய் கடைசியில்தான் ஏறும்.

கையால் பார்ப்பது இப்படி. முதிராத கூம்பை அமுக்கினால் ஈரமாக, மெத்தென்று அமுங்கி அப்படியே இருக்கும். முதிர்ந்தது காகிதம்போலச் சரசரக்கும், அமுக்கி விட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பும். பிளந்து பாருங்கள்: வெளிர்மஞ்சள் தூள் என்றால் பொறுங்கள், அடர்ந்த பொன்மஞ்சள் என்றால் நேரம் வந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து முகருங்கள். பச்சை வாடை மறைந்து ரகத்தின் வாசனை மூக்கில் ஏற வேண்டும், கையில் பிசுபிசுப்பு ஒட்ட வேண்டும். செதில் நுனி லேசாகப் பழுப்பாவது குற்றமில்லை. தூள் ஆரஞ்சாகி, வெங்காயம் பூண்டு வாடை எட்டிப்பார்த்தால் தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

மூக்கை மட்டும் நம்பாமல் ஒரு கணக்கும் போடலாம். கொடியின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளிலிருந்து கலந்து சரியாக 50 கிராம் கூம்பு பறித்து, இனி எடை குறையாது என்னும்வரை அடுப்புச் சூளையில் (ஓவன்) குறைந்த சூட்டில் மொத்தமாகக் காயவையுங்கள். இது சோதனைக்கு மட்டும், இந்தக் கூம்பைக் குப்பையில்தான் போட வேண்டும். 11 கிராம் மிஞ்சினால் உலர் எடை 22 சதவீதம். இருபதுக்குக் கீழே என்றால் நான்கைந்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். 22 முதல் 24 வரை பறிக்கலாம். 25 தாண்டிவிட்டால் அன்றைக்கே. சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் போதும், ஆனால் வீட்டில் வளர்ப்பவர்களில் இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

ஒரே கொடியில் எல்லாம் ஒரே நாளில் முதிராது, வெயில் படும் உச்சி முந்தும். நேரமும் பொறுமையும் இருந்தால் இரண்டு தவணையாகக் கூம்புகளை மட்டும் பறியுங்கள். கொடியில் இலைகளை விட்டுவைத்தால் வேருக்கும் நல்லது.

முழுக்கைச் சட்டை, கையுறை கட்டாயம். தண்டின் முடி கையைக் கீறி எரிச்சல் கொடுக்கும், சிலருக்குத் தடிப்பும் வரும். பனி காய்ந்த பிறகு, மழை பெய்யாத நாளில் பறியுங்கள். இலை, காம்பு கலக்காமல் பறிப்பது அன்றைக்குச் சலிப்பாக இருந்தாலும் பிறகு கைகொடுக்கும். இது கூட்டமாக உட்கார்ந்து செய்யும் வேலை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இயந்திரம் வரும்வரை கிழக்கு லண்டன் குடும்பங்கள் குழந்தைகுட்டியோடு கென்ட்டுக்கு வந்து வாரக்கணக்கில் தங்கிப் பறித்தார்கள். ஏழைகளுக்கு அதுதான் கோடை விடுமுறை.

இன்னொன்று, வீட்டில் நாய் இருந்தால் கவனமாக இருங்கள். ஹாப்ஸைத் தின்ற நாய்க்கு உடல் சூடு தாறுமாறாக ஏறி உயிரே போகலாம். பச்சைக் கூம்பும் ஆபத்து, காய்ந்ததும் ஆபத்து, பீர் காய்ச்சி மிஞ்சிய சக்கையும் ஆபத்து. மட்கு குழிக்கு மூடி போடுங்கள்.

உலர்த்துவது

பறித்த கூம்பில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பையில் கட்டி ஓர் இரவு வைத்தாலே உள்ளே சூடேறி வெந்துபோகும். பறித்த சில மணி நேரத்துக்குள் பரப்பிவிட வேண்டும்.

கென்ட்டில் வட்டக் கூரையும் மேலே வெள்ளை முக்காடும் போட்ட பழைய கட்டடங்களைப் பார்த்திருப்பீர்கள். ஓஸ்ட் என்று பெயர். கீழே நெருப்பு, நடுவில் துளைகள் உள்ள தளத்தில் ஹாப்ஸ், மேலே காற்று இழுக்கும் முக்காடு. இன்று பலவும் வீடுகளாகிவிட்டன. அங்கே அறுபது டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து ஒரே நாளுக்குள் உலர்த்திவிடுவார்கள், ஏனென்றால் அடுத்த வண்டி வாசலில் நிற்கும். நமக்கு அந்த அவசரம் இல்லை. சூடு குறைய வாசனை எண்ணெய் தங்கும். முப்பதிலிருந்து நாற்பது டிகிரி போதும், காற்றுதான் முக்கியம்.

செய்முறை எளிது. நான்கு மரச்சட்டம் அடித்து, அதில் கொசுவலைக் கம்பியை இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் கூம்பைப் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக இடைவெளிவிட்டு அடுக்கி, அடியில் ஒரு மின்விசிறியை மேல்நோக்கி வையுங்கள். இருட்டான, ஈரமில்லாத அறையாக இருக்கட்டும். பரண் நல்ல இடம். நாளுக்கு இரண்டு தடவை மெதுவாகப் புரட்டிவிடுங்கள், உதறினால் மஞ்சள் தூள் கீழே கொட்டும். கீழே ஒரு காகிதம் விரித்துவையுங்கள், கொட்டியதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும். பழங்களை வற்றலாக்கும் மின்சார உலர்த்தி இருந்தால் அதன் மிகக் குறைந்த சூட்டில் ஒரே நாளில் முடியும்.

வெயிலில் காயவைக்க வேண்டாம். நம் ஊர்ப் பழக்கத்தில் கை தானாக மொட்டைமாடிப் பக்கம் போகும், தெரியும். நேர்வெயில் நிறத்தையும் எண்ணெயையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அடுப்புச் சூளையும் வேண்டாம். குறைந்த சூடு என்று எழுதியிருக்கும் இடத்திலேயே பல சூளைகள் எழுபதைத் தொட்டுவிட்டு வரும்.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்? செதில் சீக்கிரம் காய்ந்துவிடும், நடுத்தண்டு காயாது. வெளியே மொறுமொறுவென்று இருப்பதை நம்பிப் பையில் போட்டால், அரைகுறையாகக் காய்ந்த மோர்மிளகாயை டப்பாவில் அடைத்ததுபோல, மறுநாள் எல்லாம் நமுத்துவிடும். கூம்பை எடுத்து நடுத்தண்டை வளைத்துப் பாருங்கள். வளைந்தால் இன்னும் ஈரம். படக்கென்று ஒடிந்தால் சரி.

எடைக் கணக்கு இதைவிட நிச்சயமானது. உங்கள் சோதனையில் உலர் எடை 22 சதவீதம் என்று வந்தது, ஒரு சட்டத்தில் 500 கிராம் பச்சைக் கூம்பு போட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உலர்பொருள் 110 கிராம். கடைசியில் ஈரம் எட்டிலிருந்து பத்து சதவீதம் இருக்க வேண்டும், அதாவது மொத்த எடை 120 முதல் 122 கிராம். சட்டத்தின் வெறும் எடையை முதலிலேயே அதன்மேல் எழுதிவைத்தால், தினமும் தராசில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். எட்டுக்கும் வெகுவாகக் கீழே இறங்கினால் கூம்பு தொட்டதும் நொறுங்கும், தூள் உதிரும்.

ஆறவிடுவதும் அடைத்து வைப்பதும்

உலர்ந்ததும் நேரே பையில் அடைக்காதீர்கள். ஒரு பெரிய காகிதப்பையிலோ துணிப்பையிலோ தளர்வாகப் போட்டு ஒரு நாள் விடுங்கள். நடுத்தண்டில் மிஞ்சிய ஈரம் செதிலுக்குப் பரவி எல்லாம் சமமாகும். மறுநாள் மறுபடி ஒரு கூம்பை எடுத்து ஒடித்துப் பாருங்கள். தண்டு வளைந்தால் இன்னும் சில மணி நேரம் விசிறிக்கு. ஒடிந்தால், செதிலும் கொஞ்சம் வளைந்துகொடுத்தால், பதம் சரி. ஓஸ்ட் வீடுகளிலும் இப்படித்தான். குளிர் தளத்தில் குவித்து ஆறவிட்டு, பிறகுதான் நீள மூட்டைகளில் அமுக்கிக் கட்டுவார்கள்.

அதற்குப் பிறகு எதிரிகள் மூன்று: காற்று, சூடு, வெளிச்சம். காற்றை உறிஞ்சி ஒட்டும் பைகளில் ஐம்பது, நூறு கிராமாகப் பிரித்து அடைத்து உறைபெட்டியில், மைனஸ் பதினெட்டில் வையுங்கள். பையில் ரகம், பறித்த தேதி, எடை எழுதுங்கள். அடுத்த அறுவடை வரை தாராளமாகத் தாங்கும். கண்ணாடிப் புட்டியில் போட்டு அலமாரியில் அழகுக்கு வைத்தால் சில மாதங்களில் எண்ணெய் பறந்துவிடும், ஆல்ஃபா அமிலம் கெட்டு பாலாடைக்கட்டி வாடை அடிக்கும். ஐசோவலேரிக் அமிலத்தின் வேலை அது. பெல்ஜியத்தில் லாம்பிக் பீர் காய்ச்சுபவர்கள் பழைய ஹாப்ஸைத்தான் தேடி வாங்குவார்கள், ஆனால் அவர்களுக்கு வேண்டியது வாசனை அல்ல.

என்ன செய்யலாம்

நன்றாக வளர்ந்த ஒரு கொடியில் சில நூறு கிராம் உலர்ந்த ஹாப்ஸ் கிடைக்கும்.

பீர் காய்ச்சுபவராக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் ஹாப்ஸில் ஆல்ஃபா அமிலம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது. ரகத்துக்குப் போட்டிருக்கும் எண் ஒரு வரம்புதான், மண்ணும் வருடமும் அதை மாற்றும். கசப்புக்கு, அளவு அச்சிட்ட கடைச் சரக்கைக் கொதியின் தொடக்கத்தில் போடுங்கள். வீட்டு ஹாப்ஸை வாசனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: இருபது லிட்டருக்கு 30 முதல் 50 கிராம் வரை கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில், அல்லது அடுப்பை அணைத்துச் சூடு எண்பதுக்கு இறங்கிய பிறகு. கொதிக்கக் கொதிக்கக் கசப்பு ஏறும், வாசனை ஆவியாகும். அதனால்தான் இந்த இரண்டு தவணை.

உலர்த்தாமல் பச்சையாகவும் போடலாம், பறித்த அன்றே. உலர்ந்ததற்கு ஐந்து பங்கு எடை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் அந்த வாய்ப்பு, அதைத் தவறவிடக் கூடாது. பிரிட்டனில் வீட்டு பீருக்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி 1963-ல் போய்விட்டது. சொந்தத்துக்குக் காய்ச்சலாம், விற்கக் கூடாது.

பீர் வேண்டாதவர்களுக்குத் தூக்கத் தலையணை. நூறு கிராமைப் பருத்திப் பையில் தைத்துத் தலையணை உறைக்குள் செருகுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். தூக்கக் கோளாறுக்கும் பதற்றத்துக்கும் ஹாப்ஸைப் பயன்படுத்த ஜெர்மனியின் மூலிகை ஆணையம் ஒப்புதல் தந்திருக்கிறது. கஷாயமாகவும் குடிப்பார்கள், நிலவேம்பு குடித்து வளர்ந்த நாக்குக்கு அந்தக் கசப்பு பெரிதாகத் தெரியாது. தூக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

குளிர்காலம்

பறித்த அன்றே கொடியைத் தரையோடு வெட்டாதீர்கள். இலை பச்சையாக இருக்கும்வரை அது வேருக்கு உணவு அனுப்பிக்கொண்டிருக்கும். முதல் உறைபனியில் இலை கருகிய பிறகு முழங்கால் உயரத்தில் வெட்டி, மட்கு உரத்தை ஒரு கை உயரத்துக்குப் போட்டு மூடிவிடுங்கள்.

மூன்றாம் வருடத்திலிருந்து இன்னொரு வேலை உண்டு. மார்ச்சில் வேரைச் சுற்றி ஒரு முழ வட்டத்தில் மண்வெட்டியை நேராக இறக்கி, வெளியே ஓடும் வேர்த்தண்டுகளை வெட்டி எடுங்கள். விட்டால் பக்கத்து வீட்டுப் புல்வெளியில் போய் முளைக்கும், சண்டையும் முளைக்கும். வெட்டியதில் மொட்டுள்ள துண்டுகளை ஈரக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் சில வாரம் கெடாது. யாராவது கேட்டால் கொடுங்கள், ரகத்தின் பெயரை மட்டும் மறக்காமல் எழுதிக் கொடுங்கள்.